குதிகாலில் ஒரு சொட்டு ரத்தம், எல்லாக் குழந்தைக்கும்

பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுக்கிறார்கள். எடை மூன்று கிலோ, கைகால் நன்றாக அசைகிறது, பால் குடிக்கிறது என்றதும் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அந்த நிம்மதிக்கு அடியிலேயே ஒரு நோய் இருக்கக்கூடும். கழுத்தின் முன்புறம் இருக்க வேண்டிய தைராய்டு சுரப்பி உருவாகாமலோ, நாக்கின் அடிப்பகுதியில் சிறு துணுக்காக ஒதுங்கியோ பிறக்கும் குழந்தைகள் உண்டு. கருவில் இருக்கும்வரை தாயின் தைராய்டு சுரப்பு நஞ்சுக்கொடி வழியாக ஓரளவு வந்து பிள்ளையைக் காத்துவிடுகிறது. அதனால் பிறந்த அன்று குறை எதுவும் வெளியே தெரியாது. கொடி அறுத்த பிறகு அந்தக் கையிருப்பு சில வாரங்களில் தீர்ந்துவிடும். அதற்குமேல் போகும் ஒவ்வொரு நாளும் குழந்தையின் மூளைக்கு நட்டம்தான். பிறவித் தைராய்டு குறைபாடு என்று மருத்துவர்கள் இதைச் சொல்கிறார்கள். அறிவு வளர்ச்சியைக் கெடுக்கும் காரணங்களில் தடுக்கக்கூடியவை மிகச் சிலவே. அவற்றில் முதல் வரிசையில் நிற்பது இது. பிறந்த மூன்றாம் நாள் குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் இதைக் கண்டுபிடித்துவிடலாம். தினம் ஒரு மாத்திரையில் சரிசெய்துவிடலாம். தமிழ்நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும், எந்த ஊரில் எந்த மருத்துவமனையில் பிறந்தாலும், இந்தச் சோதனை விதியாகவே செய்யப்பட வேண்டும். அதன் முடிவைப் பெற்றோரிடம் சேர்க்கும் பொறுப்பையும் பிரசவம் பார்த்த மருத்துவமனையே ஏற்க வேண்டும்.

நாளமில்லாச் சுரப்பி நோய் ஒரு துறை, நரம்பு மண்டல நோய் இன்னொரு துறை என்று பிரித்துப் பார்த்தே பழகிவிட்டோம். வாழ்வின் முதல் மூன்று ஆண்டுகளில் அந்தப் பிரிவினைக்குப் பொருளே இல்லை. நரம்பணுக்கள் மூளைக்குள் தத்தம் இடத்துக்கு நகர்ந்து சேர்வது, கிளை விடுவது, ஒன்றோடொன்று இணைவது, நரம்பிழையைச் சுற்றி மையலின் உறை படிவது என எல்லாவற்றுக்கும் தைராய்டு சுரப்பு வேண்டும். பெரியவர் ஒருவருக்குத் தைராய்டு குறைந்தால் உடல் கனக்கும், முடி கொட்டும், எதிலும் சோர்வாக இருக்கும். மாத்திரை சாப்பிடத் தொடங்கிச் சில மாதங்களில் இவையெல்லாம் சரியாகிவிடும். குழந்தையின் மூளை அப்படித் திரும்பி வருவதில்லை. உரிய மாதத்தில் நடக்காமல் போன வளர்ச்சியைப் பிறகு எவ்வளவு மருந்து கொடுத்தாலும் மீட்க முடியாது. சோதனைத் திட்டங்கள் வருவதற்கு முன்னால், 1972-இல் அமெரிக்க மருத்துவர்கள் வெளியிட்ட ஓர் ஆய்வு இதை எண்களில் காட்டியது. மூன்று மாதத்துக்குள் சிகிச்சை தொடங்கிய குழந்தைகளின் சராசரி நுண்ணறிவு ஈவு 89. மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் தொடங்கியவர்களுக்கு 70 அளவில் நின்றது. ஆறு மாதத்துக்குப் பிறகு தொடங்கியவர்களுக்கு 54. பொதுவான சராசரி 100 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு இந்த எண்களைப் படிக்க வேண்டும். 89 பெற்ற பிள்ளை பள்ளிக்கூடம் போய்விடும். 54 பெற்ற பிள்ளைக்கு ஆயுள் முழுக்க யாராவது துணை வேண்டும். இந்த இருவருக்கும் இடையிலான வேறுபாடு, மாத்திரை எந்த மாதத்தில் தொடங்கியது என்பதுதான். இன்று முதல் இரண்டு வாரங்களுக்குள் சிகிச்சை தொடங்கும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோர் மற்றப் பிள்ளைகளைப் போலவே படித்து வளர்கிறார்கள்.

அனுபவமுள்ள குழந்தை மருத்துவர் பார்த்தாலே தெரிந்துவிடாதா, எதற்கு எல்லாருக்கும் ஊசி என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் இந்த நோயுள்ள குழந்தைகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்குப் பிறந்தபோது எந்த அறிகுறியும் இருப்பதில்லை, இருந்தாலும் கண்ணில் படுவதில்லை. பின்னால் மெல்ல வருபவையும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் சாதாரணமானவை. மஞ்சள் காமாலை இரண்டு வாரம் தாண்டியும் தெளியாது. மலம் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை போகும். தொப்புள் கொஞ்சம் பிதுங்கியிருக்கும். தோல் வறண்டு, தொட்டால் குளிர்ச்சியாக இருக்கும். அழுகுரல் கரகரப்பாக இருக்கும். நாக்கு சற்றுப் பெரிதாக வெளியே தெரியும். உச்சிக்குழி அகலமாகத் திறந்திருக்கும். இவற்றில் எதுவும் ஒரு தாயைப் பதறவைத்து மருத்துவமனைக்கு ஓடச் செய்யாது. வெயிலில் காட்டு, வசம்பு உரசிக் கொடு, தொப்புளுக்குக் காசு வைத்துக் கட்டு என்று வீட்டிலேயே வைத்தியம் சொல்லப் பல பேர் இருப்பார்கள். இவற்றையெல்லாம்விடக் கொடுமையான அறிகுறி, பாராட்டாக மாறிப்போகும் அறிகுறிதான். குழந்தை அதிகம் அழாது. பசித்தாலும் எழாமல் தூங்கும். பிள்ளை படுத்தவே இல்லை, சமர்த்து என்று வருகிறவர்கள் எல்லாம் மெச்சுவார்கள். ஐந்தாறு மாதமாகியும் தலை நிற்கவில்லை, முகம் பார்த்துச் சிரிக்கவில்லை என்று சந்தேகம் வந்து சோதித்துப் பார்க்கும்போது, அந்த 1972 கணக்கின் மூன்றாவது வரிசைக்குக் குழந்தை போய்ச் சேர்ந்திருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாத நோயைக் கண்டுபிடிக்கும் பொறுப்பை மருத்துவரின் கண்ணிடமோ தாயின் கவனத்திடமோ விட்டுவைப்பது நியாயமாகாது.

இதற்கான வழி ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே திறந்துவிட்டது. அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கத்ரி, 1960-களின் தொடக்கத்தில் பீனைல்கீட்டோனூரியா என்ற வேறொரு நோய்க்காக, பிறந்த குழந்தையின் ரத்தச் சொட்டை வடிதாளில் உலர்த்திச் சோதிக்கும் முறையை உருவாக்கினார். அதே உலர்ந்த சொட்டிலேயே தைராய்டு சுரப்பையும் அளக்க முடியும் என்று 1970-களின் முற்பகுதியில் காட்டியவர் கனடாவின் கியூபெக்கைச் சேர்ந்த ழான் துசோ. அவருடைய மாநிலத்தில் தொடங்கிய சோதனை அடுத்த பத்து, பதினைந்து ஆண்டுகளில் வட அமெரிக்கா, மேற்கு ஐரோப்பா, ஜப்பான், ஆஸ்திரேலியா என்று பரவிப் பிரசவ அறையின் அன்றாட வேலைகளில் ஒன்றாகிவிட்டது. செய்முறையும் எளியது. குழந்தையின் பாதத்தை வெதுவெதுப்பான துணியால் சற்றுச் சூடாக்கி, குதிகாலின் நடுப்பகுதியைத் தவிர்த்து ஓரத்தில் சிறு ஊசியால் குத்துகிறார்கள். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, அடுத்து வரும் சொட்டுகளைத் தடித்த வடிதாளில் அச்சிட்டிருக்கும் வட்டங்களில் படியவிடுகிறார்கள். ஒரு வட்டத்துக்கு ஒரு பெரிய சொட்டு. தாளின் பின்பக்கம்வரை ஊற வேண்டும். ஒரே வட்டத்தில் சொட்டுமேல் சொட்டு வைத்தால் அளவு பிசகிவிடும். வெயில் படாமல் கிடையாக வைத்து மூன்று நான்கு மணி நேரம் காயவிட்டு, உறையில் போட்டு ஆய்வகத்துக்கு அனுப்பினால் வேலை முடிந்தது. ஐஸ் பெட்டி வேண்டாம், ரத்தக் குழாய் வேண்டாம், தபாலிலேயே போகும். வால்பாறை எஸ்டேட் மருத்துவமனையில் பிறந்த குழந்தையின் ரத்தமும் சென்னையில் பிறந்த குழந்தையின் ரத்தமும் ஒரே ஆய்வக மேசைக்கு வந்து சேர இதைவிட எளிய ஏற்பாடு கிடையாது.

இந்தியாவுக்கு இது எவ்வளவு தேவை என்பதை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமே அளந்து சொல்லிவிட்டது. டெல்லி, மும்பை, கொல்கத்தா, ஹைதராபாத், சென்னை ஆகிய ஐந்து மையங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளம் குழந்தைகளைச் சோதித்து, 2018-இல் அது முடிவுகளை வெளியிட்டது. 1,130 குழந்தைகளில் ஒருவருக்கு இந்தக் குறைபாடு இருந்தது. மேலை நாடுகளில் சோதனை தொடங்கிய காலத்தில் சொல்லப்பட்ட கணக்கு மூவாயிரம், நாலாயிரத்தில் ஒருவர் என்பது. சென்னை மையத்தின் எண் இன்னும் கூடுதல்: 727-க்கு ஒருவர். தமிழ்நாட்டில் ஆண்டுக்கு 8 லட்சத்துக்கு மேல் குழந்தைகள் பிறக்கின்றன. தேசியக் கணக்கை வைத்துப் பார்த்தால் ஆண்டுக்குச் சுமார் 700 குழந்தைகள். சென்னைக் கணக்கை வைத்துப் பார்த்தால் 1,100. இத்தனை இருந்தும், 2013-இல் நடுவண் அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்த்ய காரியக்ரம் என்ற சிறார் நலத் திட்டம் பட்டியலிட்ட முப்பது நிலைகளில், பிறவித் தைராய்டு குறைபாடு மாநிலங்களின் விருப்பத்துக்கு விடப்பட்ட கடைசி வரிசையில் இருக்கிறது. கோவா 2008-லேயே எல்லாக் குழந்தைகளையும் சோதிக்கும் முயற்சியில் இறங்கியது. கேரளம் அரசு மருத்துவமனைகளில் பிறக்கும் குழந்தைகளுக்கு இதையும் சேர்த்து நான்கு நோய்களுக்கான சோதனையை இலவசமாக நடத்திவருகிறது. தமிழ்நாட்டில் பெரிய மருத்துவமனைகள் பலவற்றில் சோதனை நடக்கிறது. தனியார் மருத்துவமனைகள் பலவற்றில் கட்டணப் பட்டியலில் ஒரு வரியாக இருக்கிறது, கேட்பவருக்குக் கிடைக்கிறது. கேட்கத் தெரிந்த பெற்றோர் யார், தெரியாதவர் யார் என்பதை விளக்க வேண்டியதில்லை.

செலவைப் பற்றிய ஆட்சேபத்தைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம். மொத்தமாகச் செய்யும்போது ஒரு குழந்தைக்கான சோதனை, ஆள் செலவு, அனுப்பும் செலவு எல்லாம் சேர்த்து 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். எட்டு லட்சம் குழந்தைகளுக்கு ஆண்டுக்கு 16 கோடி. மறுபக்கத்தைப் பார்ப்போம். அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்குத் தமிழ்நாடு அரசு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை தருகிறது, ஆண்டுக்கு 24,000. கண்டுபிடிக்கப்படாமல் போகும் 700 பேரில் பாதிப் பேர் மட்டுமே அந்த நிலைக்குத் தள்ளப்படுகிறார்கள் என்று குறைத்தே எடுத்துக்கொண்டாலும், ஓராண்டில் பிறந்தவர்களுக்கு மட்டும் வருடம் 84 லட்சம் ஆகிறது. இருபது ஆண்டுப் பிறப்புகள் சேரும்போது உதவித்தொகை மட்டுமே ஆண்டுக்கு 16 கோடியைத் தாண்டிவிடும். சிறப்புப் பள்ளி, பயிற்சி, வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்காரும் தாயின் கூலி எதுவும் இந்தக் கணக்கில் வரவில்லை. மருந்துச் செலவோ சொல்லும் அளவுக்கே இல்லை. பச்சிளம் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஒரு கிலோ எடைக்குப் பத்து முதல் பதினைந்து மைக்ரோகிராம் தைராக்சின் போதும். மூன்று கிலோக் குழந்தைக்கு ஒரு 50 மைக்ரோகிராம் மாத்திரைக்குள் அடங்கிவிடும். கடை விலையிலேயே ஒரு மாத்திரை இரண்டு ரூபாய் அளவில்தான் வரும். தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் மொத்தமாக வாங்கினால் அதைவிடக் குறையும்.

உப்பில் அயோடின் சேர்த்தாகிவிட்டதே, இனி எதற்கு இந்தச் சோதனை என்பது அடிக்கடி எழும் இன்னொரு கேள்வி. அயோடின் மிக முக்கியம் என்பதில் ஐயமில்லை. தாய்க்கு அயோடின் குறைந்தால் கருவின் மூளையும் பாதிக்கும். அந்த வகையில் தமிழ்நாடு பெருமைப்பட எதுவும் இல்லை. தூத்துக்குடியையும் வேதாரண்யத்தையும் வைத்துக்கொண்டு நாட்டுக்கே உப்பு அனுப்பும் மாநிலம் இது. ஆனால் 2018-19-இல் நடந்த தேசிய அயோடின் கணக்கெடுப்பில், போதிய அயோடின் கலந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம் இங்கேதான் மிகக் குறைவு, 61.9 விழுக்காடு. நாட்டின் சராசரி 76.3. இதைச் சரிசெய்வது தனிக் கடமை. ஆனால் அது இந்தச் சோதனைக்கு மாற்றாகாது. நிரந்தரமான பிறவித் தைராய்டு குறைபாட்டில் பெரும்பங்கு, சுரப்பியே உருவாகாததாலோ இடம் மாறி அமைந்ததாலோ வருவது. மற்றவற்றில் பல, சுரப்பைத் தயாரிக்கும் நொதிகளில் உள்ள மரபுக் கோளாறு. அங்கே கழஞ்சு கழஞ்சாக அயோடின் கொடுத்தாலும் பயனில்லை. பிரசவத்தின்போது புண் துடைக்கும் அயோடின் மருந்தை அளவுக்கு மீறிப் பூசினால் குழந்தையின் தைராய்டு தற்காலிகமாக முடங்குவதும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பதற்கும் இதே ரத்தச் சொட்டுதான் வேண்டும்.

நடைமுறையில் வரும் சிக்கல்கள் இவற்றைவிடக் கனமானவை. முதலாவது, நேரம். தாயின் வெதுவெதுப்பிலிருந்து வெளியே வந்ததும் குழந்தையின் உடலில், தைராய்டைத் தூண்டும் சுரப்பான டிஎஸ்எச்சின் அளவு அரை மணி நேரத்துக்குள் பல மடங்கு ஏறி, பிறகு இரண்டு மூன்று நாட்களில் மெல்லத் தணியும். முதல் நாளே ரத்தம் எடுத்தால் நல்ல குழந்தைக்கும் நோய் இருப்பதுபோல் காட்டும். அதனால் 48 முதல் 72 மணி நேரத்துக்குள் எடுப்பதே நல்லது என்பது இந்தியக் குழந்தை நாளமில்லாச் சுரப்பியியல் வல்லுநர்களின் வழிகாட்டுதல். சுகப்பிரசவமானால் மறுநாளே வீட்டுக்குப் போக வேண்டும் என்று நிற்கும் குடும்பங்கள் நிறைய. படுக்கைக்கு அடுத்தவர் காத்திருக்கும் மருத்துவமனைகளும் நிறைய. இதற்கு வழியில்லாமல் இல்லை. தொப்புள்கொடி ரத்தத்தையே சோதிக்கலாம் என்று அதே வழிகாட்டுதல் ஏற்றுக்கொள்கிறது. ஊசியே வேண்டாம், வலியும் இல்லை, சீக்கிரம் வீடு திரும்பும் குழந்தையும் தப்பாது. மற்றப் பிறவி நோய்கள் பலவற்றைக் கொடி ரத்தத்தில் கண்டுபிடிக்க முடியாது என்பது மட்டும் குறை. என் கருத்தில், மூன்று நாள் தங்கும் வசதியுள்ள இடங்களில் குதிகால் ரத்தமும், ஆரம்ப சுகாதார நிலையம் போன்ற இடங்களில் கொடி ரத்தமும் என்று தொடங்கிவிடலாம். எல்லா இடத்திலும் சிறந்த முறையே வேண்டும் என்று காத்திருந்தால் ஆண்டுகள் போய்விடும். குறைமாதக் குழந்தைகளுக்கு டிஎஸ்எச் தாமதமாக ஏறும் என்பதால், இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் மறுபடியும் ஒருமுறை பார்க்க வேண்டும் என்பதையும் விதியிலேயே எழுதிவிட வேண்டும்.

இரண்டாவது, பொய் அபாயச் செய்தி. முதல் சோதனையில் அளவு கூடியிருப்பதாகக் கூப்பிடப்படும் குழந்தைகளில் கணிசமானோருக்கு மறுசோதனையில் எல்லாம் சரியாகவே இருக்கும். பிரசவித்துப் பத்து நாள்கூட ஆகாத தாயிடம் பிள்ளைக்குத் தைராய்டு இருக்கலாம் என்று போனில் சொன்னால் அவள் எப்படித் துடிப்பாள் என்பதை மறுக்க முடியாது. பால் வற்றிப்போகும் அளவுக்கு அந்தச் செய்தி அவளை உலுக்கும். இந்த ஆட்சேபத்தைச் சொல்பவர்கள் கருணையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதற்கு மருந்து சோதனையைக் கைவிடுவதாக இருக்க முடியாது. சொல்கிற விதத்தைத் திருத்துவதுதான். சோதனை எடுக்கும்போதே, மறுபடி கூப்பிட்டால் அது நோய் என்று பொருளல்ல, உறுதிசெய்வதற்காகத்தான் என்று தாயிடமும் பாட்டியிடமும் பக்குவமாகச் சொல்லிவைக்க வேண்டும். கூப்பிட்ட அன்றே ரத்தக் குழாயிலிருந்து ரத்தம் எடுத்து ஓரிரு நாளில் முடிவைச் சொல்ல வேண்டும். அந்த இரண்டு நாள் பதற்றத்தையும், ஆறாவது மாதத்தில் வந்து சேரும் ஆயுள் துயரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சில குழந்தைகளுக்குக் குறைபாடு தற்காலிகமாகவே இருக்கும். தேவையில்லாமல் ஆயுளுக்கும் மாத்திரை கொடுப்பார்களோ என்ற அச்சத்துக்கும் விடை இருக்கிறது. மூளை வளர்ச்சியின் முக்கியக் கட்டம் கடந்த பிறகு, மூன்று வயதில், மருத்துவர் மேற்பார்வையில் சில வாரம் மாத்திரையை நிறுத்திப் பார்ப்பார்கள். சுரப்பி தானாக இயங்கினால் அத்தோடு விட்டுவிடலாம்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை மூன்றாவது இடத்தில் இருக்கிறது. ரத்தம் எடுப்பதும் சோதிப்பதும் எளிது; முடிவு வந்த பிறகு அந்தக் குழந்தையைத் தேடிப் பிடிப்பதுதான் கடினம். நம் ஊரில் வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வருகிறாள். பிரசவம் அங்கே நடக்கிறது. மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ புகுந்த வீட்டுக்குத் திரும்புகிறாள். மருத்துவமனைப் பதிவேட்டில் இருப்பது கணவன் வீட்டு முகவரியா, தாய்வீட்டு முகவரியா? கொடுத்த செல்பேசி எண் யாருடையது? கணவர் திருப்பூரிலோ வளைகுடாவிலோ வேலையில் இருக்கிறார், எண்ணும் அவருடையது என்றால் செய்தி யாருக்குப் போகும்? பத்தாம் நாளில் வர வேண்டிய குழந்தை நாற்பதாம் நாளில் வந்தால், சோதனை செய்ததற்கான செலவெல்லாம் வீண். எனவே, எத்தனை குழந்தைகளைச் சோதித்தோம் என்று ஆண்டறிக்கையில் காட்டும் எண்ணை நான் பெரிதாக மதிக்க மாட்டேன். அளவு கூடியிருந்தவர்களில் எத்தனை பேர் பதினான்கு நாளுக்குள் முதல் மாத்திரையை விழுங்கினார்கள் என்பதே அளவுகோலாக வேண்டும்.

இந்த ஓட்டையை அடைக்கும் வசதி மற்றப் பல மாநிலங்களைவிடத் தமிழ்நாட்டுக்குக் கூடுதலாகவே இருக்கிறது. ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இங்கே 99.6 விழுக்காடு பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன. குழந்தைகளைத் தேடி யாரும் வீடுவீடாகப் போக வேண்டியதில்லை. கர்ப்பம் உறுதியானதுமே அரசின் கர்ப்பப் பதிவு எண்ணான பிக்மி எண் வாங்கியாக வேண்டும்; அந்த எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் பெறுவதே சிரமம் என்பது இன்று கிராமத்துப் பெண்களுக்கும் தெரியும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவியின் தவணைகளும் பரிசோதனை, தடுப்பூசி எல்லாம் முறையாக நடந்ததா என்று பார்த்தே தரப்படுகின்றன. அதே பிக்மி எண்ணில் தைராய்டு சோதனை எடுத்த நாள், முடிவு, மறுசோதனை என்று மூன்று கட்டங்களைச் சேர்த்துவிட்டால், தாய் எந்த ஊரில் இருந்தாலும் அந்த ஊர்க் கிராம சுகாதாரச் செவிலியரின் பட்டியலில் பெயர் வந்து நிற்கும். போலியோ சொட்டு மருந்துக்கு ஒரு குழந்தையையும் விடாமல் எண்ணிப் பழகியவர்கள் அவர்கள். பிறந்த குழந்தைக்கு பிசிஜி, மஞ்சள் காமாலைத் தடுப்பூசி, வைட்டமின் கே ஊசி என்று போடுவதை எந்தக் குடும்பமும் இன்று தடுப்பதில்லை. அந்த வரிசையில் குதிகால் சொட்டையும் சேர்ப்பதற்கு மக்கள் மனத்தில் தடை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

மருந்து கொடுப்பதிலும் கவனிக்க வேண்டியவை உண்டு. மாத்திரையைத் தினம் ஒரே நேரத்தில், ஒரு கரண்டியில் நன்றாகப் பொடித்து, சில சொட்டுத் தாய்ப்பாலிலோ கொதித்து ஆறிய நீரிலோ குழைத்து, உடனே ஊட்டிவிட வேண்டும். பால் புட்டியில் கலந்தால் குழந்தை பாதியில் விட்டுவிடும், மருந்தும் பாதி போய்விடும். இரும்புச் சத்து, கால்சியம் மருந்துகளோடும் சோயாப் பாலோடும் சேர்த்துக் கொடுத்தால் குடல் அதை ஈர்த்துக்கொள்ளாது. குழந்தை வளர வளர அளவை மாற்ற வேண்டும் என்பதால் முதல் ஆண்டில் அடிக்கடி ரத்தம் பார்த்தாக வேண்டும். குழந்தை நன்றாகத்தானே இருக்கிறது, எதற்கு இன்னும் மாத்திரை என்று ஏழெட்டு மாதத்தில் நிறுத்திவிடும் குடும்பங்கள் எங்கும் உண்டு. மாத்திரையால்தான் நன்றாக இருக்கிறது என்பதை யாராவது வீட்டுக்கே போய்ச் சொல்ல வேண்டும். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகளை வீட்டுப் படிக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறது. அந்தப் பையில் சில நூறு குழந்தைகளுக்கான தைராக்சின் புட்டியும் இருப்பது திட்டத்துக்குச் சுமையாகாது.

தனியார் மருத்துவமனைகளை விட்டுவிட்டு இதைச் செய்ய முடியாது. மாநிலத்தின் பிரசவங்களில் கணிசமான பங்கு அங்கே நடக்கிறது. நூற்றுக்கும் குறைவான படுக்கைகளோடு ஒரு தாலுகா ஊரில் இயங்கும் மருத்துவமனைக்குத் தனி ஆய்வகம் இருக்காது, இருக்கவும் வேண்டாம். வடிதாளையும் உறையையும் அரசே கொடுத்து, மண்டலத்துக்கு ஒன்றாக ஆய்வகம் வைத்து, எல்லா மருத்துவமனைகளின் தாள்களையும் கட்டணமின்றிச் சோதித்துத் தரலாம். அதற்குப் பதிலாக, மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின் விதிகளில், பிரசவம் பார்க்கும் ஒவ்வோர் இடமும் இந்தச் சோதனையை எடுத்து, முடிவைப் பெற்றோருக்கு எழுத்தில் கொடுத்தாக வேண்டும் என்று ஒரு விதியைச் சேர்க்கலாம். பெற்றோர் மறுத்தால் அந்த மறுப்பையும் பதிவுசெய்யலாம். தாள் ஆய்வகத்துக்கு வந்துவிட்டால் இன்னொரு நோயையும் அதே சொட்டில் பார்க்க முடியும் என்பது இதில் கூடுதல் நன்மை. அட்ரீனல் சுரப்பியின் பிறவிக் கோளாறு ஒன்று, கடுமையான வடிவத்தில் வந்தால், இரண்டாவது வாரத்திலேயே உடலின் உப்பை வெளியேற்றி வாந்தி, மயக்கம் என்று குழந்தையைக் கொண்டுபோய்விடும். பெண் குழந்தைகளில் பிறப்புறுப்பின் தோற்றம் மாறியிருப்பதால் சந்தேகமாவது வரும். ஆண் குழந்தைகள் காரணமே தெரியாமல் இறந்துபோவார்கள். மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் அதே ஆய்வில் இது நாடளவில் 5,762-க்கு ஒருவர், சென்னையில் 2,036-க்கு ஒருவர் என்று பதிவானது. தைராய்டு சோதனையை முதலில் எல்லா இடத்திலும் நிலைநிறுத்தி, அடுத்த ஆண்டே இதைச் சேர்க்கலாம். ஐம்பது நோய்களைச் சோதிக்கிறோம் என்று சில ஆய்வகங்கள் பல ஆயிரம் ரூபாய்க்கு விற்கும் பட்டியல்களில் மருந்தே இல்லாத நோய்களும் கலந்திருக்கின்றன. அரசு அந்த வழியில் போக வேண்டியதில்லை. சிகிச்சை உள்ள, இங்கே அதிகம் காணப்படும் இரண்டை முதலில் ஒரு குழந்தையும் தவறாமல் பார்ப்போம். அதற்கு அடுத்த நிதிநிலை அறிக்கையில் ஒதுக்கீடும், பிரசவ வார்டில் மூன்றாம் நாள் காலை இந்தத் தாளோடு தாயின் கட்டிலுக்கு வரப் பொறுப்புள்ள ஒரு செவிலியரும், பத்தாம் நாளுக்குள் முடிவைச் சொல்லித் தீர வேண்டிய ஓர் அதிகாரியும் வேண்டும்.